கடுவனை உள்ளே விடுவதற்கு முன்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு, எங்கள் வீடு கீழக்கரையில். இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மஞ்சள் கடுவன் பூனை எலும்பும் தோலுமாக எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. என் ஒன்பது வயது மகள் மீன் வைத்து வைத்து இப்போது நன்றாகத் தேறிவிட்டது. பிஸ்கட் என்று பெயர் வைத்திருக்கிறாள். தடவிக் கொடுத்தால் மடியில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. மழைக்காலத்துக்குள் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் போன வாரம் அது வாசல் கதவில் மூத்திரம் பீய்ச்சியதை என் மாமி பார்த்துவிட்டார்கள். "தொழுகிற வீடு, ஒரு சொட்டுப் பட்டால் பாயை விரிக்க முடியாது, கடுவன் என்றைக்கும் திருந்தாது" என்கிறார்கள். காயடிப்பது பாவம் என்றும் சொல்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டைப் பூனை இருக்கிறது. இரண்டு தடவை குட்டி போட்டிருக்கிறது. என் கணவர் துபாயில் இருக்கிறார், டிசம்பரில் லீவில் வருவார். அவருக்கு அந்த வாடையே ஆகாது. வளர்ந்த கடுவனை உள்ளே விட்டால் வீடு முழுக்க நாறிவிடுமா? இனிமேல் அதை மாற்ற முடியுமா?

பதில்:

சகோதரி, மாற்ற முடியும். பீய்ச்சுகிற கடுவன்களுக்கு விதை நீக்கினால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது அந்தப் பழக்கத்தை விட்டுவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். குட்டியாக இருக்கும்போதே செய்தால்தான் பலன் என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்று வயது, ஐந்து வயதுக் கடுவனுக்குச் செய்தாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். ஆனால் வரிசை முக்கியம். அறுவை முதலில், வீட்டுக்குள் வருவது பிறகு. "இரண்டு வாரம் உள்ளே வைத்துப் பார்ப்போம், பீய்ச்சினால் அப்புறம் டாக்டரிடம் போவோம்" என்று ஆரம்பித்தவர்கள்தான் கடைசியில் பூனையைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எங்கேயாவது விட்டுவிடலாமா டாக்டர்?" என்று கேட்டு வந்து நிற்பார்கள்.

உங்கள் மாமி என்ன பார்த்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கடுவன் பீய்ச்சும்போது குந்தாது. கதவுக்கோ சுவருக்கோ முதுகைக் காட்டி நிற்கும். வால் குச்சி மாதிரி நேராக எழும்பும், அதன் நுனி படபடவென்று நடுங்கும். பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி மிதிக்கும். அடுத்த நொடி பின்பக்கமாக ஒரு சின்னப் பீய்ச்சல். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் பட்டு வழியும். மொத்தமாகப் பார்த்தால் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. முடித்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்துபோகும். அது வயிற்றை லேசாக்கிக்கொள்ளவில்லை. "இது என் எல்லை, நான் இங்கே இருக்கிறேன்" என்று தெருவில் உள்ள மற்றக் கடுவன்களுக்கும் பெட்டைகளுக்கும் எழுதி ஒட்டுகிறது. உங்கள் வாசல் கதவில் அது பீய்ச்சியதற்கு அர்த்தம், உங்கள் வீட்டைத் தன் வீடாக நினைக்க ஆரம்பித்துவிட்டது என்பதுதான். உள்ளே இருக்கும் பெட்டைக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை என்பதும் அதற்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாடைக்கும் காரணம் இருக்கிறது. பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்று ஒரு பொருள் உண்டு. அது சிதையும்போது கந்தகம் கலந்த வாடை கிளம்புகிறது. விதைப்பையிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன்தான் ஃபெலினைனைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் பெட்டைப் பூனையின் மூத்திரத்தைவிடக் கடுவனின் மூத்திரம் அப்படி மூக்கைத் துளைக்கிறது. விதையை நீக்கிவிட்டால் பீய்ச்சும் உந்துதலும் குறையும், மூத்திரத்தின் காரமும் குறையும். உங்கள் கணவருக்கு ஆகாத வாடையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

சரி, ஏன் அறுவை முதலில்? பூனை ஒருமுறை பீய்ச்சிய இடத்தில் வாடை மங்க மங்க அதைப் புதுப்பிக்கத் திரும்ப வரும். கதவுக்கு வெளியே பீய்ச்சினால் கதவோடு போகிறது. உள்ளே அலமாரி மூலை, வாஷிங் மெஷின் பக்கம், செருப்பு அடுக்கு, ஜன்னல் திரை என்று நான்கு இடத்தில் அடையாளம் போட்டுவிட்டால், அறுவை முடிந்து உடம்பில் ஹார்மோன் இறங்கின பிறகும் பழைய வாடை அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மண்டபம் ஊர்ப் பக்கம் நான் பணியில் இருந்தபோது ஒரு மளிகைக் கடைக்காரர் கடுவன் ஒன்றை எலிக்காகக் கடைக்குள் வைத்திருந்தார். அரிசி மூட்டை, புண்ணாக்கு மூட்டை எல்லாவற்றிலும் பீய்ச்சிவிட்டது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அறுவைக்குக் கொண்டுவந்தார். பூனை ஐந்தாறு வாரத்தில் அடங்கிவிட்டது, ஆனால் ஒரே ஒரு மரத்தூண் மட்டும் அடங்கவில்லை. அந்தத் தூணில் ஊறிப்போன வாடையை எடுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்த பிறகுதான் முழுசாக நின்றது. உங்கள் வீட்டில் இன்னும் உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. அந்த நல்ல நிலைமையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாவம் என்று மாமி சொல்வதை நான் தள்ளிவிட்டுப் பேச விரும்பவில்லை. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது, அது உங்களைச் சுற்றிவரும் பிராணி என்ற நபிமொழியைக் கீழக்கரையில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊர்ச் சந்துகளில் பூனைகளுக்குக் கிடைக்கிற மரியாதையை நேரில் பார்த்தவன் நான். காயடிப்பதைப் பற்றி மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை, அதை ஆலிம் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும்போது, வெறுமனே "செய்யலாமா?" என்று கேட்காமல், செய்யாவிட்டால் அந்த உயிருக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். விதையுள்ள கடுவன் இரவெல்லாம் சுற்றும், சண்டை போடும். கடிபட்ட இடம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும், வெயில் காலத்தில் புழு வைக்கும். பெரும்பாலும் ஆழமான கடி வழியாகத்தான் எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அது மனிதர்களுக்குத் தொற்றாது, ஆனால் பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பெட்டையைத் தேடி கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது அடிபட்டு வருகிற பூனைகளில் கடுவன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறக்கிற குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன என்பது உங்கள் பெட்டையின் இரண்டு ஈற்றைப் பார்த்த மாமிக்கே தெரியும். அந்தக் காலத்தில் ஆட்டுக்கிடாய்க்கு மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் காயடித்ததைப் பார்த்த தலைமுறை அவர்களுடையது, அந்தப் பயம் நியாயமானது. இப்போது முழு மயக்கத்தில் செய்கிறோம், வலி ஊசியும் போடுகிறோம் என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பிஸ்கட் தடைக்காலத்தில் வந்தது தற்செயல் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகு போனாலும் கரையில் விழும் காரலும் சூடையும் கழிவு மீனும் பாதிக்குப் பாதிகூட இருக்காது. மீன் ஏலம் விடும் இடத்தையே நம்பி வாழும் பூனைகள் அப்போதுதான் தெருவுக்குள் வருகின்றன. ஜூன் பாதியில் படகு இறங்கியதும் பல பூனைகள் திரும்பிப் போய்விடும். இவன் போகவில்லை. கரையில் மீன் கிடைத்தும் உங்கள் திண்ணையிலேயே இருக்கிறான், மடியில் ஏறுகிறான். முன்பு யாரோ வளர்த்த பூனையாகவும் இருக்கலாம். எதற்கும் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மனிதக் கை பழகிய கடுவன் வீட்டுப் பூனையாக மாறுவது எளிது. அந்த விதத்தில் உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. இவனைச் சாக்கில் கட்டி வேறு ஊரில் விட்டால் திண்ணை காலியாக இருக்காது என்பதையும் மாமியிடம் சொல்லுங்கள். அடுத்த கடுவன் வரும், அது மடியில் ஏறுகிறதாக இருக்காது.

இப்போது ஆக வேண்டிய காரியம். வாலைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு உருண்டை தெரிந்தால் விதை இருக்கிறது. கதவில் பீய்ச்சியதை வைத்துப் பார்த்தால் இருக்கத்தான் செய்யும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காலையில் போய்க் கேளுங்கள். அங்கே பூனைக்கு மயக்கம் கொடுத்து அறுவை செய்யும் வசதி இல்லையென்றால் ராமநாதபுரம் கொண்டுபோக வேண்டியிருக்கும், போகும் முன் போன் செய்து நாள் வாங்கிக்கொள்வது நல்லது. முந்தின இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வைக்கலாம். திண்ணைப் பூனை என்பதால் அன்று இரவு வெளியே போய் எலியோ மீன் தலையோ தின்றுவிட்டு வரும். அதனால் முந்தின இரவே அதை ஒரு குளியலறையிலோ, கோழிக் கூண்டிலோ வைத்துவிடுங்கள்.

கொண்டுபோவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கட்டைப்பை வேண்டாம். பஸ் ஹாரன் அடித்ததும் பை கிழிந்து பூனை பாய்ந்து, பிடிக்கப்போனவர் கையில் பல் பட்டு, ஒரே நாளில் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டி வந்த கதை எனக்கு நிறையத் தெரியும். பூனைக் கூண்டு வாங்க முடியாவிட்டால், ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளை வாய்க்கு வாய் கவிழ்த்து, வலை பின்னும் நைலான் கயிற்றால் சுற்றிலும் ஆறு இடத்தில் கட்டுங்கள். உள்ளே உங்கள் மகள் உடுத்திய பழைய துணி ஒன்று, மேலே மூட ஒரு மெல்லிய துண்டு. இருட்டாக இருந்தால் பூனை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

ஆண் பூனைக்கு அறுவை சின்ன வேலைதான். மயக்கம் ஏறிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம். விதைப்பையில் சின்னக் கீறல், வழக்கமாக வெளித்தையல்கூடத் தேவைப்படாது. அன்று மாலையே தள்ளாடி நடக்கும், மறுநாள் சாப்பிடும். அன்றிரவு மட்டும் மாடி, மதில், கிணறு எதுவும் எட்டாத இடத்தில் தரையோடு வைத்திருங்கள். அந்த மயக்க நேரத்திலேயே காது, பல், பழைய கடிக்காயம் எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். எஃப்.ஐ.வி. சோதனைப் பட்டை இருந்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் இன்னொரு பூனை இருப்பதால் சொல்கிறேன். வெறிநோய்த் தடுப்பூசியும், பூனைக்குரிய முக்கூட்டுத் தடுப்பூசியும், பூச்சி மருந்தும் எந்த நாளில் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். வெறிநோய் ஊசி வருடம் தவறாமல் போட வேண்டும். ஜூலை 6, விலங்குகளிடமிருந்து பரவும் நோய்களுக்கான உலக தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துவார்கள்.

வெறிநோய் என்றதும் இன்னொன்று. இந்த மூன்று நான்கு மாதத்தில் உங்கள் மகளை பிஸ்கட் எப்போதாவது கீறியிருந்தால், விளையாட்டாகப் பல் பட்டு ரத்தம் வந்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாய்க்குத்தான் வெறி பிடிக்கும், பூனைக்கு வராது என்பது தவறு. இனிமேல் அப்படி நடந்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் அப்பக் கூடாது. பூனை 10 நாள் நலமாக இருக்கிறதா என்று கவனிப்பது உண்டு, ஆனால் அதற்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை கீறலை வீட்டில் சொல்லாமல் மறைக்கும். பூனையை விரட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் மறைக்கும். விரட்ட மாட்டோம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

அறுவை முடிந்ததும் வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு அறை போதும். சமையல் கட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையானாலும் சரி. ஹார்மோன் சில நாளிலேயே இறங்கிவிடும், பழக்கம் இறங்கச் சில வாரம் பிடிக்கும். சில பூனைக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை அந்த அறைதான் அவனுக்கு வீடு, பெட்டையோடு சேர்க்கவும் கூடாது. அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் வாய்ப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆறு வாரம் தள்ளி வைப்பது பாதுகாப்பு. அந்த ஆறு வாரத்துக்குள் பெட்டைக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். அது பருவத்துக்கு வந்து கத்தினால் தெருவில் உள்ள கடுவன் எல்லாம் உங்கள் கதவில் வந்து பீய்ச்சும். அந்த வாடை உள்ளே இருக்கும் பிஸ்கட்டையும் பதில் எழுதத் தூண்டும்.

பூனை மலஜலம் கழிக்க வைக்கும் மண் தட்டுக்குக் கடையில் விற்கும் மணல்தான் வேண்டுமென்றில்லை. கொத்தனார் வைத்திருக்கும் சாந்துச் சட்டி ஒன்று போதும். சல்லடையில் சலித்த மெல்லிய மணலை நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள். கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். நம் கடற்கரைப் பூனைக்கு மணலைக் கண்டால் தோண்டத் தோன்றாமல் இருக்காது. கல்லும் கட்டியுமான மண்தான் பிடிக்காது. தினமும் இரண்டு வேளை அள்ள வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது கணக்கு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நான் பலருக்கும் சொல்லும் ஒரு சின்ன வேலை இருக்கிறது, காசு செலவில்லை. பிஸ்கட் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது, சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் அவன் கன்னத்தையும் மீசை முளைக்கும் இடத்தையும் மெதுவாகத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கொடுப்பான். அந்தத் துணியை அறையின் கதவு நிலையில், கட்டில் காலில், அலமாரி மூலையில் அவன் மூக்கு உயரத்துக்குத் தடவி வையுங்கள். தினம் ஒருமுறை. பூனையின் கன்னத்தில் சுரக்கும் வாடை, "இது தெரிந்த இடம், பயமில்லை" என்று அதற்கே சொல்லும் வாடை. கன்னம் தேய்த்த மூலையில் அது மூத்திரம் பீய்ச்சுவது அபூர்வம். பிறகு மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போதும் இதையே முதலில் செய்யுங்கள். தொழுகை அறையை மட்டும் எப்போதும் சாத்தியே வையுங்கள். பாயைச் சுருட்டி உயரத்தில் வைப்பதும் மாமிக்கு மன நிம்மதி தரும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தடவை பீய்ச்சிவிட்டால்? அடிக்காதீர்கள், மூக்கை அதில் தேய்க்காதீர்கள். பயந்த பூனை இன்னும் அதிகமாகப் பீய்ச்சும். சுத்தம் செய்வதில் இரண்டு வகை இருக்கிறது. மார்க்க முறைப்படி எப்படித் துப்புரவு செய்வது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது பூனையின் மூக்குக்கான சுத்தம். நமக்கு வாடை போன பிறகும் அதற்குப் போயிருக்காது. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு என்சைம் கலந்த சலவைத்தூளைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்து அலசி, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைக்கலாம். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. எங்கே பட்டது என்று தெரியவில்லையென்றால், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள், மூத்திரக் கறை மங்கலாக ஒளிரும். உங்கள் வீடு பழைய சுண்ணாம்புச் சுவர் வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சுண்ணாம்பு உறிஞ்சிவைத்துக்கொண்டு, ஐப்பசி ஈரக்காற்று அடிக்கும்போது வாடையைத் திரும்ப விடும்.

பினாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கறுப்பு பினாயில், டெட்டால் போன்றவற்றில் உள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாகச் செரித்து வெளியேற்ற முடியாது. ஈரத் தரையில் நடந்து காலை நக்கினாலே உள்ளே போகும். ப்ளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் கண்ணும் தொண்டையும் எரியும் வாயு கிளம்பும். மூலைக்கு மூலை அந்துருண்டை போடுவதும் பூனைக்கு விஷம்தான். இதோடு ஒன்று: தெள்ளுப்பூச்சிக்கு என்று நாய்க்கு முதுகில் விடும் மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் சில மணி நேரத்தில் வலிப்பு வரும். கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுத்ததை விட்டுவிட்டு, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கும் பூனையை என் மேசையில் கிடத்திவிட்டு அழுதுகொண்டு நின்ற ஒரு தாயையும் மகனையும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பூனையைக் காப்பாற்ற முடியவில்லை. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மூன்று மாதம் கழித்தும், சுத்தமெல்லாம் செய்தும் பீய்ச்சல் நிற்கவில்லையென்றால் அவன் அந்தப் பத்தில் ஒன்று. அப்போது ஜன்னல் வழியாக வெளிக்கடுவன் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. பீய்ச்சும் இடத்திலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துப் பாருங்கள், சாப்பிடும் இடத்தைப் பூனை அசுத்தம் செய்ய விரும்பாது. அதற்கும் அடங்காவிட்டால் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

நின்று பீய்ச்சுவதையும் குந்தி முக்குவதையும் குழப்பிக்கொள்ளாமல் இருங்கள். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குப் போய்க் குந்தி, கத்தி, சொட்டுச் சொட்டாகவோ ரத்தமாகவோ போனால், அல்லது ஒன்றுமே வராமல் அடிவயிறு கல்லாக இருந்தால், மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாத வெகு சில நோய்களில் இது ஒன்று, ராத்திரியானாலும் மருத்துவரைத் தேடுங்கள். இதைத் தவிர்க்கத் தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும். உப்பு, மிளகாய், வெங்காயம் போடாமல் வேகவைத்த மீனை அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் சோற்றில் பிசைந்து வையுங்கள். வெங்காயம் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும், அதனால் குழம்பு மீன் கூடாது. கருவாட்டின் உப்பும் வேண்டாம். சாளையும் நெத்திலியும் பச்சையாகவே தினம் போட்டால் வைட்டமின் பி1 குறைந்துபோகும், வேகவைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. வாரத்தில் சில நாள் கோழியும் ஈரலும் கலந்து கொடுங்கள். அறுவைக்குப் பிறகு பசி கூடும், உடம்புக்குத் தேவை குறையும். கேட்கும்போதெல்லாம் போட்டால் ஆறு மாதத்தில் உருண்டுவிடுவான். மகளிடம் சொல்லி வையுங்கள்.

இனி நாள் கணக்கு. இந்த வாரமே மருந்தகத்துக்குப் போய் நாள் வாங்கிவிட்டால், ஐப்பசி மழை இறங்குவதற்குள் அவன் அறைக்குள் பழகியிருப்பான், உங்கள் கணவர் வருவதற்குள் வீடு முழுக்க நடமாடத் தொடங்கியிருப்பான். அவர் வரும் நாள்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய நாள். விமானத்திலிருந்து வரும் பெட்டிகளில் அவனுக்குத் தெரியாத நூறு வாடை இருக்கும். புதுப் பெட்டி, புதுச் செருப்பு, புது ஆள் என்றால் அடங்கிய பூனைக்கும் அடையாளம் போடக் கை துறுதுறுக்கும். பெட்டிகளைக் கூடத்தில் அடுக்காமல் நேராக ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். காலி செய்த பெட்டியைத் துடைத்து, கன்னம் தேய்த்த துணியால் நான்கு மூலையிலும் தடவிய பிறகு வெளியே எடுங்கள். முதல் இரண்டு நாள் பிஸ்கட்டுக்குச் சாப்பாட்டை உங்கள் கணவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.